600 லிட்டர் ஜனநாயகம்

ஜார்ஜ் வாஷிங்டன் முதல்முறை தேர்தலில் நின்றபோது மண்ணைக் கவ்வினார். வருடம் 1755. வர்ஜீனியா காலனியின் சட்டசபைக்கு பிரெடரிக் மாவட்டத்தில் போட்டியிட்டார். விழுந்தது 40 ஓட்டு. டெபாசிட் என்று ஒன்று அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

மூன்று வருடம் கழித்து, 1758-ல், அதே தொகுதியில் மறுபடியும் நின்றார். இந்தத் தடவை ஆளே ஊரில் இல்லை. படையோடு எங்கோ எல்லைக் கோட்டையில் இருந்தார். ஆனாலும் அமோகமாக ஜெயித்தார். காரணம், ஊரில் இருந்த நண்பர்கள் அவர் கணக்கில் வாங்கி ஊற்றிய ரம், ரம் பஞ்ச், ஒயின், பீர், சைடர் எல்லாமாகச் சுமார் 160 காலன். நம் கணக்கில் 600 லிட்டர். ஓட்டுப் போட்டவர்கள் 400 பேருக்கும் கொஞ்சம் குறைவு. தலைக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வாக்காளருக்கு எதையும் தின்னவோ குடிக்கவோ கொடுக்கக் கூடாது என்று வர்ஜீனியாவில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் பாட்டுக்குச் சட்டம், பீப்பாய் பாட்டுக்குப் பீப்பாய்.

ஜெயித்த பிறகு, தனக்காக வேலை பார்த்த நண்பருக்கு வாஷிங்டன் ஒரு கடிதம் எழுதினார். எனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களையும் பாரபட்சம் இல்லாமல் கவனித்தீர்கள்தானே, கையைச் சுருக்கிவிட்டீர்களோ என்பதுதான் என் கவலை என்கிற ரீதியில் போகிறது அந்தக் கடிதம். செர்ரி மரத்தை வெட்டிய கதையைப் பாடப்புத்தகத்தில் சேர்த்தவர்கள் இதை ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை. அந்த மரக் கதை கட்டுக்கதை. இந்தப் பீப்பாய்க்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்றைய ஓட்டுப்பதிவைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். கோர்ட்டு வாசலில் ஒரு மேஜை. அதன் பின்னால் ஷெரீப், பக்கத்தில் குமாஸ்தா, அந்தப் பக்கம் வரிசையாக வேட்பாளர்கள். பெயரைக் கூப்பிட்டதும் வாக்காளர் முன்னால் வந்து, யாருக்கு ஓட்டு என்று ஊரே கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டு வாங்கிய வேட்பாளர் எழுந்து, குனிந்து, நன்றி சொல்வார். வாங்காதவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாக்காளர் படியிறங்க வேண்டும். ஒருவரிடம் வாங்கிக்கொண்டு இன்னொருவருக்குக் குத்தும் சுதந்திரம் அந்த மக்களுக்கு வாய்க்கவே இல்லை.

இதெல்லாம் கேவலம், நான் ஊற்ற மாட்டேன் என்று சொன்ன ஒரே ஒரு யோக்கியரும் இருந்தார். பிற்காலத்தில் அரசமைப்புச் சட்டத்தின் தந்தை என்று பெயர் வாங்கிய ஜேம்ஸ் மாடிசன். 1777-ல் கொள்கையோடு நின்றார், கொள்கையோடு தோற்றார். ஜெயித்தவர் சாராயக்கடைக்காரர்.

இப்படி ஓட்டுப் போட்டவர்கள் யார் என்று கேட்டால், அது தனிக் கூத்து. 1776-ல் மனிதர்கள் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பிரகடனம் செய்தார்கள். படித்துக் கண்ணீர் விட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் பட்டாவை எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். பெரும்பாலான மாநிலங்களில் நிலமோ சொத்தோ இருந்தால்தான் ஓட்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பெயரில் ஒரு கதை உலவுகிறது. ஒருவனிடம் 50 டாலர் பெறுமான கழுதை இருந்தது, அதனால் அவனுக்கு ஓட்டு இருந்தது. அடுத்த தேர்தலுக்குள் கழுதை செத்துப்போனது. அவனுக்கு இதற்குள் அனுபவமும் அறிவும் கூடியிருந்தன, ஆனால் ஓட்டு இல்லை. அப்படியானால் ஓட்டுரிமை யாருடையது, அவனுடையதா கழுதையுடையதா? ஃபிராங்க்ளின் இதைச் சொன்னாரோ இல்லையோ, கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கட்சி என்கிற சங்கதியே வேண்டாம் என்பதில் மட்டும் அத்தனை பெரிய தலைகளும் ஒற்றுமையாக இருந்தார்கள். அரசமைப்புச் சட்டத்தில் கட்சி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1796-ல் விடைபெறும்போது வாஷிங்டன் பக்கம் பக்கமாக எச்சரித்தார், கட்சி வெறி நாட்டைக் கெடுக்கும் என்று. தாமஸ் ஜெஃபர்சன் இன்னும் ஒரு படி மேலே. கட்சியோடு சேர்ந்துதான் சொர்க்கத்துக்குப் போக முடியும் என்றால் எனக்கு அந்தச் சொர்க்கமே வேண்டாம் என்று 1789-ல் ஒரு நண்பருக்கு எழுதினார்.

எழுதிய மை காய்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். வெளியுறவு அமைச்சராக இருந்த அதே ஜெஃபர்சன், பிலிப் ஃப்ரெனோ என்ற கவிஞருக்குத் தன் இலாகாவில் மொழிபெயர்ப்பாளர் வேலை போட்டுக் கொடுத்தார். வருடம் 250 டாலர் சம்பளம். மொழிபெயர்த்த நேரம் போக மீதி நேரத்தில், அதாவது கிட்டத்தட்ட எல்லா நேரத்திலும், கவிஞர் ஒரு பத்திரிகை நடத்தி அரசாங்கத்தையே வாரினார். அரசாங்கச் சம்பளத்தில் அரசாங்கத்தைத் திட்டும் கட்சிப் பத்திரிகை. எதிர்த்தரப்பில் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன். அவரது ஃபெடரலிஸ்ட் கோஷ்டிக்குத் தனிப் பத்திரிகை. கட்சியே கூடாது என்ற ஊரில் கட்சி இரண்டாகிவிட்டது.

1800 தேர்தலில் ஜெஃபர்சன் கட்சி ஜெயித்தது. கொஞ்சம் அதிகமாகவே ஜெயித்தது. ஜனாதிபதிக்கு ஜெஃபர்சன், துணைக்கு ஆரன் பர் என்றுதான் ஏற்பாடு. ஆனால் அன்றைய விதிப்படி எந்த ஓட்டு எந்தப் பதவிக்கு என்று பிரித்துக் குறிக்க வழியில்லை. ஒழுங்கான கட்சி என்பதால் அதன் தேர்வாளர்கள் எல்லாரும் இருவருக்குமே போட்டுத் தொலைத்தார்கள். 73-க்கு 73. பர் விட்டுக்கொடுத்திருக்கலாம். எந்த ஊரில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்? பிரதிநிதிகள் சபையில் 36 சுற்று வாக்கெடுப்பு நடந்த பிறகுதான் ஜெஃபர்சன் ஜனாதிபதி ஆனார். அந்த இழுபறியில் தனக்கு எதிராக வேலை பார்த்த ஹாமில்டனை 1804-ல் துணை ஜனாதிபதி பர் நேருக்கு நேர் நின்று சுட்டுக் கொன்றார். பதவியில் இருந்துகொண்டேதான். கட்சி வெறி பற்றி வாஷிங்டன் சொன்னது எட்டே வருடத்தில் பலித்தது.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கட்சிகளின் சரித்திரத்தைக் கொள்கையிலிருந்து படிக்க ஆரம்பித்தால் தலை சுற்றும். வாக்காளர் பட்டியலிலிருந்து படித்தால் எல்லாம் தெளிவாகப் புரியும். யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று முதலில் எண்ணினார்கள். கொள்கையைப் பிறகு தைத்துக்கொண்டார்கள்.

நியூ ஜெர்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1776-ல் அந்த மாநிலம் எழுதிய சட்டத்தில் 50 பவுண்டு சொத்துள்ள மாநிலவாசிகள் எல்லாருக்கும் ஓட்டு என்று போட்டுவிட்டார்கள். ஆண் என்ற வார்த்தையைக் காணோம். கல்யாணமான பெண்ணின் சொத்தெல்லாம் சட்டப்படி புருஷனுடையது, எனவே விதவைகளும் கல்யாணமாகாதவர்களும் ஓட்டுப் போட்டார்கள். சொத்துள்ள கறுப்பினத்தவரும் போட்டார்கள். யாருக்கும் ஆட்சேபமில்லை, ஜான் காண்டிக்ட் என்பவர் நிற்கும் வரை. 1797-ல் எலிசபெத்டவுன் பெண்கள் திரண்டு வந்து எதிராளிக்குப் போட்டதில் அவர் தோற்க இருந்து, நூலிழையில் தப்பினார். பத்து வருடம் போனது. 1807-ல் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் கோர்ட்டுக் கட்டடம் நியூவார்க்கிலா எலிசபெத்டவுனிலா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கோர்ட்டு கட்டுவதற்கான அந்தத் தேர்தலில் கள்ள ஓட்டு மழையாய்ப் பொழிந்தது. இருக்கிற வாக்காளர்களைவிட விழுந்த ஓட்டு அதிகம். ஆண்களும் பையன்களும் பாவாடை கட்டிக்கொண்டு இரண்டாம் தடவை வந்ததாகப் பேச்சு. பாவாடை கட்டிய ஆண்களுக்கு என்ன தண்டனை? பெண்களின் ஓட்டுரிமையைப் பறித்தார்கள், கறுப்பினத்தவருடையதையும் சேர்த்து. தேர்தலில் ஒழுக்கத்தைக் காப்பாற்றத்தான் என்றார்கள்.

தொகுதியைக் கோணல்மாணலாக வெட்டும் கலைக்கு மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரியின் பெயரை வைத்தார்கள். 1812-ல் அவர் கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி பல்லி மாதிரி வளைந்து கிடந்தது. பத்திரிகைக்காரர்கள் அதற்கு இறக்கையும் நகமும் வரைந்துவிட்டார்கள். மேல்சபையில் அவர் கட்சி குறைந்த ஓட்டு வாங்கி நிறைய இடம் பிடித்தது. ஆளுநர் பதவிக்கு மாநிலம் முழுக்கச் சேர்த்து எண்ணியதால் கெரி மட்டும் தோற்றார். வருத்தப்பட வேண்டாம், துணை ஜனாதிபதி ஆக்கிவிட்டார்கள்.

மெல்ல மெல்லச் சொத்து விதி உதிர்ந்தது. 1840 வாக்கில் வெள்ளைக்கார ஆண் என்றால் அநேகமாக ஓட்டு உண்டு. ஏழைகளுக்கு ஓட்டு வந்ததும் தலைவர்களுக்கெல்லாம் ஏழ்மை வந்துவிட்டது. இந்த அதிசயத்தின் உச்சம் 1840 தேர்தல்.

விக் கட்சி வில்லியம் ஹென்றி ஹாரிசனை நிறுத்தியது. வர்ஜீனியாவின் பெரிய பண்ணை மாளிகை ஒன்றில் பிறந்தவர். அப்பா சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். எதிரே ஜனநாயகக் கட்சியின் மார்ட்டின் வான் பியூரன், பதவியில் இருந்த ஜனாதிபதி, சாராயக்கடைக்காரர் மகன். பால்டிமோரில் ஒரு பத்திரிகை, ஹாரிசனுக்கு ஒரு பீப்பாய் சைடரும் கொஞ்சம் பென்ஷனும் கொடுத்தால் மரக்குடிசையில் மிச்ச காலத்தை ஓட்டிவிடுவார் என்று நக்கலடித்தது. விக் கட்சிக்காரர்கள் அதை அப்படியே கவ்விக்கொண்டார்கள். ஆமாம், எங்கள் ஆள் குடிசைதான், சைடர்தான்! ஊர் ஊராக மரக்குடிசையைச் சக்கரத்தில் வைத்து இழுத்தார்கள், வாசலில் சைடர் பீப்பாய் வைத்து. கோஷங்கள் எழுதிய பிரமாண்டப் பந்துகளை ஊர்விட்டு ஊர் உருட்டிக்கொண்டு போனார்கள். இன்னொரு பக்கம் காங்கிரஸ் உறுப்பினர் சார்லஸ் ஓகிள், வான் பியூரனின் வெள்ளை மாளிகைச் செலவைப் பற்றி மட்டும் மூன்று நாள் பேசினார். தங்கக் கரண்டி, விரல் கழுவும் கிண்ணம், பிரெஞ்சுச் சாப்பாடு என்று பட்டியல். பண்ணையார் மகன் குடிசைவாசி ஆனார். சாராயக்கடைக்காரர் மகன் மைனர் ஆனார்.

கட்சியின் கொள்கை அறிக்கை எங்கே என்று கேட்கிறீர்களா? கிடையாது. வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த மாநாட்டில் விக் கட்சி அறிக்கையே வெளியிடவில்லை. எழுதினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம். வாக்காளர்களில் 80 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள், ஹாரிசன் ஜெயித்தார்.

பேசாமல் ஜெயித்தவர் ஜெயித்த பிறகு பேசினார். 1841 மார்ச் 4, நல்ல குளிர், கோட்டும் தொப்பியும் இல்லாமல் நின்று 8,000 வார்த்தைகளுக்கு மேல் பதவியேற்பு உரை. அதுவும் சுருக்கிய பிரதி. டேனியல் வெப்ஸ்டர் வெட்டிக் குறைத்தது. ஒரே உட்காரலில் பதினேழு ரோமானிய ஆளுநர்களைத் தீர்த்துக்கட்டினேன் என்று வெப்ஸ்டர் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். சரியாக ஒரு மாதத்தில் ஹாரிசன் காலமானார். நாற்காலி துணை ஜனாதிபதி ஜான் டைலருக்குப் போனது. அவர் எதிர்க்கட்சியிலிருந்து வந்தவர், ஓட்டுக்காகச் சேர்த்துக்கொண்ட ஆள். விக் கட்சியின் வங்கி மசோதாவை இரண்டு தடவை ரத்து செய்தார். கொள்கை இல்லாமல் ஜெயித்த கட்சி, கொள்கை மீறினார் என்று சொல்லித் தன் ஜனாதிபதியையே கட்சியை விட்டு நீக்கியது.

அடுத்து ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக ஐரிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும் வந்து இறங்கினார்கள். புது ஓட்டு என்றால் புதுக் கட்சி வர வேண்டுமே, வந்தது. வந்தேறிகள் 21 வருடம் குடியிருந்தால்தான் குடியுரிமை என்பது அதன் கோரிக்கை. ரகசியச் சங்கமாக ஆரம்பித்ததால், அதைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பது உறுப்பினருக்கு விதி. நாடே அதை ‘ஒன்றும் தெரியாதவர்கள்’ கட்சி என்று அழைத்தது. 1856-ல் ஒரு முன்னாள் ஜனாதிபதியையே நிறுத்தி ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு வாங்கினார்கள்.

நியூயார்க்கில் இறங்கிய ஐரிஷ்காரர்களை டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சிக் கோஷ்டி கையில் எடுத்துக்கொண்டது. அதன் பெருந்தலைகளில் ஒருவரான டிம் சல்லிவன் பெயரில் ஒரு செய்முறை வழங்குகிறது. முழுத் தாடி வைத்த ஆளைப் பிடி. தாடியோடு ஒரு ஓட்டு. நாவிதரிடம் கூட்டிப்போய் மோவாயை மட்டும் வழித்து, கிருதாவோடு இரண்டாவது. கிருதாவை எடுத்து, மீசையோடு மூன்றாவது. கடைசியில் மழமழவென்று நான்காவது. ஒரு தாடிக்கு நாலு ஓட்டு. வாக்காளர் பட்டியலைவிட நாவிதர் முக்கியம்.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1870-ல் 15-வது திருத்தம் வந்தது: இனத்தின் பேரில் யாருக்கும் ஓட்டை மறுக்கக் கூடாது. விடுதலை பெற்ற கறுப்பின ஆண்கள் லிங்கனின் குடியரசுக் கட்சிக்குப் போட்டார்கள். தெற்கில் ஜனநாயகக் கட்சி வெள்ளைக்காரர்களின் கட்சி. துப்பாக்கியாலும் தூக்குக்கயிற்றாலும் முதலில் காரியம் பார்த்தவர்கள், பிறகு வக்கீல்களைக் கூப்பிட்டார்கள். கொன்றவர்களைவிட இந்த வக்கீல்கள் அதிகம் சாதித்தார்கள் என்பதால் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் சிக்கத்தான் செய்யும்.

இனம் என்ற வார்த்தையைச் சட்டத்தில் எழுதக் கூடாது, ஆனால் இனம் மட்டும் அகப்பட வேண்டும். தேர்தல் வரி போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். ஐயோ, இதில் ஏழை வெள்ளைக்காரனும் மாட்டுவானே? அதற்கும் 1898-ல் லூயிசியானா வழி கண்டுபிடித்தது. 1867 ஜனவரி 1 அன்று உன் தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ ஓட்டு இருந்ததா? அப்படியானால் உனக்குப் பரீட்சை வேண்டாம். கறுப்பினத்தவரின் தாத்தாக்கள் அந்தத் தேதியில் எங்கே ஓட்டுப் போட்டார்கள்? 1896-ல் அந்த மாநிலத்தில் பதிவாகியிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,000-க்கும் மேல். 1904-ல் 1,342.

தாத்தா விதியை உச்ச நீதிமன்றம் 1915-ல் தூக்கி எறிந்தது. பரீட்சை மட்டும் தொடர்ந்தது. 1964-ல்கூட லூயிசியானாவில் ஒரு வினாத்தாள் இருந்தது. 30 கேள்வி, 10 நிமிடம், ஒன்று தப்பானாலும் ஃபெயில். முதல் கேள்வி, இந்த வாக்கியத்தின் எண்ணையோ எழுத்தையோ சுற்றிக் கோடு போடு என்பது. எண்ணையா, எழுத்தையா? சுற்றி என்றால் வட்டமா, கட்டமா? திருத்தப்போகிற வெள்ளைக்காரக் குமாஸ்தா எதை நினைத்தாரோ அதுதான் விடை. மிசிசிப்பியில் மாநில அரசமைப்புச் சட்டத்தின் 285 பிரிவுகளில் ஒன்றுக்கு விளக்கம் எழுதச் சொல்வார்கள். எந்தப் பிரிவு என்பதும், விளக்கம் சரியா என்பதும் அதே குமாஸ்தாவின் சித்தம். வக்கீல் படிப்பே இல்லாத குமாஸ்தா, உச்ச நீதிமன்றத்துக்கும் மேல் அதிகாரம்.

டெக்சாஸ் இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டியது. அங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளரானாலே ஜெயித்த மாதிரி. எனவே வேட்பாளரைத் தேர்வு செய்யும் உட்கட்சித் தேர்தலில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்று 1923-ல் சட்டம் போட்டார்கள். எல் பாசோவின் டாக்டர் லாரன்ஸ் நிக்சன் வழக்குப் போட்டு 1927-ல் ஜெயித்தார். சரி, சட்டம் வேண்டாம், கட்சி நிர்வாகமே முடிவெடுக்கட்டும் என்றது மாநிலம். 1932-ல் மறுபடி ஜெயித்தார். சரி, நிர்வாகமும் வேண்டாம், கட்சி மாநாடு முடிவெடுக்கட்டும். கட்சி என்பது தனியார் கிளப், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்றார்கள். கிளப் வாதம் 1944 வரை தாக்குப்பிடித்தது.

பெண்களுக்கு வருவோம். 1872-ல் சூசன் பி. ஆண்டனி ரோசெஸ்டரில் போய் ஓட்டுப் போட்டார், கைதானார். நீதிபதி ஜூரியைக் கலந்தாலோசிக்கவே விடாமல் குற்றவாளி என்று அறிவித்து 100 டாலர் அபராதம் போட்டார். ஒரு காசு கட்ட மாட்டேன் என்றார் அம்மையார். கட்டவும் இல்லை, யாரும் வசூலிக்கவும் இல்லை.

விஷயம் முடிந்தது 1920 ஆகஸ்டில், டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில். பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் திருத்தத்துக்கு 36 மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும், 35 ஆகிவிட்டது. மதுவிலக்கு அமலில் இருந்த நாட்டில், ஹெர்மிடேஜ் ஹோட்டலில் எதிர்ப்பாளர்கள் உறுப்பினர்களுக்கு விஸ்கி ஊற்றினார்கள். ஆதரவு என்றால் மஞ்சள் ரோஜா, எதிர்ப்பு என்றால் சிவப்பு ரோஜா சட்டையில். சபையில் தீர்மானத்தை ஓரங்கட்டும் பிரேரணைக்கு 48-க்கு 48, இரண்டு தடவை. பிறகு நேரடி ஓட்டு. அப்போதுதான் 24 வயது ஹாரி பர்ன், சிவப்பு ரோஜா குத்தியிருந்தவர், சட்டென்று ஆமாம் என்றார். அவர் பையில் அம்மா எழுதிய கடிதம் இருந்தது. வீட்டு விசேஷம், ஊர் விசேஷம் எல்லாவற்றுக்கும் நடுவே, நல்ல பையனாக இருந்து பெண்களுக்கு ஓட்டுப் போடு என்று அம்மா எழுதியிருந்தார். விஸ்கிக்குச் செலவு செய்தவர்கள் தபால்தலையிடம் தோற்றார்கள்.

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. கோரம் இல்லாமல் ஆக்குவதற்காக ஒரு கூட்டம் உறுப்பினர்கள் ரயிலேறிப் பக்கத்து மாநிலமான அலபாமாவில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ரிசார்ட் அரசியலை நாம் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்கவும். நாஷ்வில்லில் மிச்சமிருந்தவர்கள் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

1957-ல் தெற்குக் கரோலினாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், கறுப்பினத்தவரின் ஓட்டுரிமைக்கான ஒரு மசோதாவை மறிக்க 24 மணி 18 நிமிடம் இடைவிடாமல் பேசினார். பேசுவதற்கு முன் நீராவிக் குளியல் போட்டு உடம்பிலிருந்த நீரையெல்லாம் வற்றவைத்துக்கொண்டு வந்தார். பாதியில் எழுந்து போக முடியாது அல்லவா. பேச விஷயம் தீர்ந்தபோது 48 மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை வாசித்தார். அதுவும் போதாமல் கட்சி வெறி வேண்டாம் என்ற வாஷிங்டனின் விடைபெறும் உரையையும் வாசித்தார். அவர் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் மசோதா நிறைவேறியது.

1964, 1965-ல் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் குடிமை உரிமைகள் சட்டத்திலும் வாக்குரிமைச் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். பரீட்சைகள் போயின. தர்மண்ட் 1964-லேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு குடியரசுக் கட்சிக்குத் தாவினார். அடுத்தடுத்த வருடங்களில் தெற்கத்தி வெள்ளைக்காரர்கள் பெருங்கூட்டமாகப் பின்னாலேயே போனார்கள். கறுப்பின வாக்காளர்கள் லிங்கன் கட்சியை விட்டு எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்திருந்தார்கள். இரண்டு கட்சியும் வீடு மாற்றிக்கொண்டன. வாசலில் பெயர்ப் பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை.

மிசிசிப்பி மாத்திரம் எதற்கும் அவசரப்படவில்லை. பெண்கள் ஓட்டுரிமைத் திருத்தத்துக்கு அது சம்மதம் தெரிவித்தது 1984-ல். அடிமை முறையை ஒழித்த 1865-ம் வருடத் திருத்தத்தை 1995-ல் ஏற்றது. ஏற்ற கையோடு அந்தத் தாளைத் தலைநகர் வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும், அனுப்பவில்லை. லிங்கனைப் பற்றிய சினிமா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, இந்தியாவில் பிறந்து மிசிசிப்பியில் வேலை பார்த்த ஒரு பேராசிரியர் சும்மா இணையத்தில் துழாவியபோதுதான் இது வெளியே வந்தது. 2013 பிப்ரவரியில் தாள் போய்ச் சேர்ந்து பதிவானது.